கேஸ் ஓவன் சூடேறவில்லையா? பிழையைத் தேடும் வரிசை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் சிறு பேக்கரி நடத்துபவருக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு ஓவன் சூடேறாமல் நின்றுவிட்டால் வந்து பார்க்க ஆள் கிடைப்பது அரிது. பிசைந்து வைத்த மாவு பொங்கிக்கொண்டே இருக்கும். ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து ரொட்டி ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போக வேண்டியவர் வாசலில் காத்து நிற்பார். ஈப்போவிலிருந்து பழுது பார்ப்பவர் கிளம்பி வருவதற்குள் மதியமாகிவிடும், அதற்குள் அன்றைய மாவு முழுவதும் புளித்துப்போகும். நானும் என் துணைவியாரும் இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறோம். ஓவன் நின்றுபோன காலைப் பொழுதுகளில் நாங்கள் கற்றுக்கொண்டதை, அதே நிலையில் தவிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நான் சொல்வது, கேஸில் எரிந்து மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படும், இரண்டு அடுக்கோ மூன்று அடுக்கோ கொண்ட தட்டு ஓவனைப் பற்றியது. நம் நாட்டுச் சிறு பேக்கரிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். மின்சாரமே இல்லாமல், பைலட் என்னும் சிறு சுடரை எப்போதும் எரியவிட்டு இயங்கும் பழைய ஓவன்களுக்கும் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறேன். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கு வைத்திருக்கும் கேஸ் ஃபர்னஸும் ஏறக்குறைய இதே முறையில்தான் இயங்குகிறது. சூடு வேண்டும் என்ற கட்டளை, தீப்பொறி, கேஸ், சுடர் பிடித்ததா என்ற சோதனை என்ற வரிசை இரண்டுக்கும் பொது.

எதையும் தொடுவதற்கு முன் மூக்கைப் பயன்படுத்த வேண்டும். சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைக்கோசு போல நாறும் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை பலமாக அடித்தால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல், தோங்கின், அதாவது கேஸ் சிலிண்டரின், வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். வால்வை நெருங்க முடியாத அளவுக்கு வாடை இருந்தால் நேராக வெளியேறி, கடைக்குச் சற்றுத் தள்ளி நின்று 999க்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையிடம் சொல்ல வேண்டும். கேஸில் உள்ள புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிந்த கேஸ் மேலே போகாமல் தரையோடு படிந்து, ஓவனின் அடிவயிற்றிலும் சாக்கடைப் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். நின்ற நிலையில் வாடை தெரியாவிட்டாலும் ஒருமுறை குனிந்து தரையருகே முகர்ந்து பார்ப்பதை நான் ஒரு நாளும் விட்டதில்லை.

வாடை இல்லை என்று உறுதியானதும், ஓவனை ஒருமுறை இயக்கிவிட்டு அமைதியாக நின்று கேட்க வேண்டும். பழுதாகாத ஓவன் பேசுகிற வரிசை இது. வெப்பநிலையை 200 பாகைக்கு வைத்துச் சுவிட்சைப் போட்டதும், உள்ளே ஒரு சிறிய 'டக்' சத்தம் கேட்டு, 'டிக் டிக் டிக்' என்று தீப்பொறி தொடங்கும். அதனோடு, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு திறந்து கேஸ் 'உஸ்' என்று பாயும். ஓரிரு நொடியில் 'புஃப்' என்று சுடர் பிடித்து, பர்னர் குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீலமாக ஓடும். டிக் டிக் நிற்கும். சுடர் தொடர்ந்து எரியும். இந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்ணி தெரியாமல் உதிரிப் பாகம் வாங்குவது வீண் செலவு. பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வது ஓவனைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டுதான், அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது.

இன்னொரு எளிய வழியும் உண்டு. மூன்று அடுக்குகளில் ஒன்று மட்டும் சூடேறவில்லை என்றால், தோங்கிலோ, பொதுக் குழாயிலோ, கடை மின்சாரத்திலோ குறையில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்; பிழை அந்த அடுக்குக்குள்தான் இருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் நேர்மாறாக, அடுக்குகளைக் கழற்றாமல் எல்லாவற்றுக்கும் பொதுவான கேஸையும் மின்சாரத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

கேஸிலிருந்து தொடங்குவோம். தோங்கை ஆட்டிப் பார்த்துக் கணக்குப் போடுவது நம்பத்தக்கதல்ல. வெறும் தோங்கின் எடையை அதன் கழுத்துப் பகுதியில் எழுதியிருப்பார்கள். மாவு மூட்டை நிறுக்கும் தராசில் தோங்கை வைத்து அந்த எடையைக் கழித்தால் மீதி கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கிறது. உங்கள் ஓவனின் தகட்டில் 20 கிலோவாட் என்று எழுதியிருந்தால், எல்லா பர்னரும் முழுமையாக எரியும்போது மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் செலவாகும். ஆக 14 கிலோ தோங் ஒன்று முழுச் சுடரில் ஒன்பது மணி நேரம் வரும். ஓவன் விட்டு விட்டு எரிவதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாக வரும் என்றாலும், இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் தோங் தீர்ந்துபோகும் நாளை முன்னதாகவே அறியலாம்.

தோங்கில் கேஸ் இருந்தும் சுடர் சிறுத்துப் போவது இன்னொரு வகை. தோங்கினுள் இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் வெளியே வருகிறது, ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைத் தோங்கின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதிக வேகத்தில் கேஸை இழுத்தால் தோங் குளிர்ந்து, மேலே வியர்த்து, சில வேளை அடிப்பாகத்தில் வெண்பனிகூடப் படியும். புரோப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகையில் கொதிப்பது, பியூட்டேன் பூஜ்யத்துக்குக் கீழே அரைப் பாகையில் கொதிப்பது. தோங் தீரும் தறுவாயில் முதலில் புரோப்பேன் கூடுதலாகப் போய்விடுவதால், மிஞ்சி நிற்பது பெரும்பாலும் பியூட்டேன்தான். குளிர்ந்துபோன தோங்கில் அதற்கு அழுத்தமே இராது. அதனால்தான், தீபாவளி வாரத்தில் மூன்று அடுக்கும் ஓயாமல் எரியும்போது, கால் தோங் மிச்சமிருக்கையிலேயே ஓவன் திணறி நின்றுவிடுகிறது. தோங்கின் மேல் கொதிநீர் ஊற்றுவதும், பக்கத்தில் தீ காட்டுவதும், படுக்கப்போடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். படுக்கப்போட்டால் திரவமே ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும். சரியான வழி, இரண்டு தோங்குகளை ஒரே குழாயில் முறைப்படி இணைத்துப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது.

அடுத்தது ரெகுலேட்டர். கடையில் 'கெப்பாலா கேஸ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியது நாம்தான். இவ்வகை ஓவன்களில் பெரும்பாலானவை 2.8 கிலோபாஸ்கல் குறைந்த அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டவை. தகட்டில் 2800 பாஸ்கல் என்றும் எழுதியிருக்கும். பெரிய வடை அடுப்புக்குப் போடுகின்ற, கைப்பிடியைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுகிற ரெகுலேட்டரை இதில் மாட்டினால் சூடு சீக்கிரம் வரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அழுத்தத்தைத் தள்ளித் திறக்க முடியாமல் சோலனாய்டு வால்வு மூடியபடியே நின்றுவிடலாம். திறந்தாலும் சுடர் பர்னரை விட்டு எழும்பிப் பறந்து அணைந்துவிடும். வால்வு கசியத் தொடங்கினால் அதைவிட ஆபத்து. ரெகுலேட்டர் சரியானதாக இருந்தும் புதுத் தோங் மாற்றியவுடன் கேஸே வரவில்லையென்றால், தோங்கைத் திறந்த வேகத்தில் உள்ளிருக்கும் பாதுகாப்பு அடைப்பான் மூடிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாகத் திறந்தால் பல வேளைகளில் சரியாகிவிடும்.

ரப்பர் குழாயையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓவனுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, சூட்டில் இறுகி வெடித்திருக்கிறதா என்பது கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றிவிடுவது எங்கள் கடை வழக்கம். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியவை குறைவு. வெப்பநிலை காட்டும் திரையில் எழுத்து எரியவில்லையென்றால் சுவர்ச் சுவிட்ச், மூன்று முனைப் பிளக்கினுள் இருக்கும் பியூஸ், கடையின் மின்பெட்டியில் விழுந்திருக்கும் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். பியூஸ் போயிருந்தால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். இரண்டாவது முறையும் போனால் உள்ளே எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள். அதற்கு வயர்மேனை அழைக்க வேண்டும். நம் பக்கத்தில் பின்னேர இடி மின்னல் சாதாரணம் என்பதால், வேலை முடிந்ததும் ஓவனின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது போர்டின் ஆயுளைக் கூட்டும்.

இனி, தோங்கில் கேஸ் இருக்கிறது, திரை எரிகிறது, ஆனால் டிக் டிக் சத்தம் வரவில்லை அல்லது வந்தும் சுடர் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில், கேட்கும் வெப்பநிலை ஓவனின் தற்போதைய வெப்பநிலையைவிட அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறதா, மேல் சூடு கீழ் சூடு இரண்டின் சுவிட்சும் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரணமாகத் தோன்றினாலும், துடைக்கும்போது துணி பட்டு அணைந்த சுவிட்சுக்காக ஆள் வரவழைத்தவர்கள் உண்டு. அதன்பின் பிளக்கைப் பிடுங்கி, தோங்கை மூடி, ஓவன் ஆறிய பிறகு பர்னர் பக்கத்து மூடியைக் கழற்றிப் பொறிக்கம்பியைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் உறைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியின் நுனிக்கும் பர்னருக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தட்டு இடித்துக் கம்பி வளைந்திருந்தால் இடைவெளி கூடிவிடும், பொறி தாண்டாது. பீங்கானில் மயிரிழை போல் ஒரு விரிசல் இருந்தாலும், பொறி நுனிக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாகவே உடம்பில் பாய்ந்துவிடும். மழைக்கால ஈரமும் வெண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் இதே கோளாறு வரும். அப்போது உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

பொறி நன்றாக விழுந்தும் 'உஸ்' சத்தம் கேட்கவில்லையென்றால் சோலனாய்டு வால்வைச் சந்தேகிக்கலாம். அதில் ஒரு காந்தச் சுருள் உண்டு. ஓவன் தீ மூட்ட முயலும் அந்தச் சில நொடிகளில், பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள ஸ்குரூடிரைவரின் நுனியைச் சுருளின் மேல்தலைத் திருகாணிக்கு அருகில் கொண்டுபோனால், மெல்ல இழுப்பது கையில் தெரியும். இழுத்தால் சுருளுக்கு மின்சாரம் வருகிறது, ஆகவே வால்வு இறுகியிருக்கலாம் அல்லது கேஸே வரவில்லை. இழுக்காவிட்டால் சுருள் எரிந்திருக்கலாம் அல்லது போர்டு மின்சாரம் அனுப்பவில்லை. மூடியைத் திறந்து வைத்துச் செய்யும் சோதனை என்பதால், பக்கத்து வயர் முனைகளில் கைபடாமல் செய்ய முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்தவர் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வால்வைப் பிரித்துப் பழுது பார்ப்பது நம் வேலையல்ல. அப்படியே மாற்றிவிட வேண்டிய பொருள் அது.

தீ மூட்டும் முயற்சி ஒவ்வொன்றும் தோற்கும்போது எரியாத கேஸ் கொஞ்சம் உள்ளே தங்குகிறது என்பதை மறக்கவே கூடாது. ஒருமுறை தோற்றால் ஓவன் கதவைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் காத்திருந்த பிறகே மறுமுறை முயல வேண்டும். அவசரத்தில் சுவிட்சை நான்கைந்து முறை போட்டுப் போட்டு எடுத்தால், கடைசியில் பிடிக்கும் சுடர் தேங்கிய கேஸ் அனைத்தையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு கதவைத் தூக்கி எறியும்.

இப்போது எல்லாவற்றிலும் அதிகமாக வரும் குறைக்கு வருகிறேன். "அண்ணே, நெருப்பு நல்லாப் புடிக்குது, அஞ்சு எண்றதுக்குள்ள அணைஞ்சிடுது, அப்புறம் பீப் பீப்னு கத்துது" என்று எனக்கு வந்த அழைப்புகள் பல. சுடர் பிடித்துச் சில நொடியில் அணைகிறது என்றால், கேஸும் பொறியும் வால்வும் தத்தம் வேலையைச் செய்துவிட்டன. சுடர் எரிகிறது என்ற செய்திதான் போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. செய்தி வராவிட்டால் எரியாத கேஸ் பரவுகிறதோ என்று அஞ்சிப் போர்டு வால்வை மூடிவிடுகிறது. அது பழுதல்ல, அது நம்மைக் காப்பாற்றுகிற செயல்.

அந்தச் செய்தியைக் கொண்டுபோவது, சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி. சில ஓவன்களில் பொறிக்கம்பியே இந்த வேலையையும் செய்யும், சிலவற்றில் தனிக் கம்பி இருக்கும். பழுது பார்ப்பவர்கள் சென்சர் கம்பி என்பார்கள். எரியும் சுடருக்குள் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் நிறைந்திருப்பதால் சுடரின் வழியே மின்சாரம் பாயும். கம்பியிலிருந்து சுடர் வழியாகப் பர்னருக்கும், பர்னரிலிருந்து ஓவன் உடம்பு வழியாக எர்த்துக்கும் பாய்கிற இந்த மின்னோட்டம் வெறும் ஒன்றிலிருந்து பத்து மைக்ரோஆம்பியர் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு மைக்ரோஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்தனை மெலிந்த ஓட்டத்தை நிறுத்துவதற்குக் கம்பியின் மேல் படிந்த மெல்லிய கரிப்படலமே போதும். பேக்கரிக் காற்றில் எந்நேரமும் மாவுத்தூளும் சர்க்கரைப் பொடியும் மிதக்கின்றன. அவை கம்பியில் கருகி, பார்வைக்குப் பழுப்பு நிறப் பூச்சு போலத் தெரியும்.

சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்கி, தோங்கை மூடி, கம்பியைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, பீங்கானில் விரலின் எண்ணெய் படாமல் பிடித்துக்கொண்டு, கம்பியை மட்டும் மெல்லிய இரும்புக் கம்பளியால் பளபளக்கும் வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே மாட்ட வேண்டும். முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் கம்பியில் கீறல் விழுந்து அடுத்த முறை அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும். மாட்டிய பிறகு கம்பியின் நுனி சுடருக்குள் நிற்க வேண்டும், பர்னரைத் தொட்டுவிடக் கூடாது. நாங்கள் இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பும் தவறாமல் செய்கிறோம்.

கம்பி சுத்தமாக இருந்தும் சுடர் அணைகிறதென்றால் எர்த் வயரைப் பாருங்கள். இதை நான் பாடுபட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை கடைக்குள் ஓவனை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். பிளக் எட்டாததால் வேறு வயரும் வேறு பிளக்கும் போட்டார்கள். மறுநாள் முதல் மூன்று அடுக்கும் பிடித்துப் பிடித்து அணைந்தன. வந்து பார்த்தவர் போர்டு போய்விட்டது என்று சொல்லி, 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதுப் போர்டு மாட்டினார். அதுவும் அப்படியே அணைந்தது. மூன்று அடுக்குக்கும் தனித்தனிப் போர்டு இருக்கையில் மூன்றும் ஒரே நாளில் எப்படிக் கெடும் என்று அன்றிரவு என் துணைவியார்தான் கேட்டார். பிளக்கைத் திறந்து பார்த்தோம். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் தன் திருகாணியை விட்டு விலகி, பிளக்கினுள் சும்மா மடங்கிக் கிடந்தது. சுடர் வழியாக வந்த மின்னோட்டத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. திருகாணியை முடுக்கியதும் மூன்று அடுக்கும் எரிந்தன. எர்த் இல்லாத ஓவனின் உடம்பை அந்த இரண்டு நாளும் ஈரக் கையோடு தொட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பழைய கடை வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள், சுவர்ப் பிளக்கில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று வயர்மேனைக் கொண்டு அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சில போர்டுகள் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தாலும் சுடரை அறியாது. புது வயர் முறையில் அவை பழுப்பும் நீலமும்.

சென்சர் கம்பி தொல்லை தருகிறது என்பதற்காக வால்வை நேரடியாக மின்சாரத்தில் இணைத்துத் திறந்தபடி வைப்பவர்களைக் கண்டால், தயவு செய்து தடுத்துவிடுங்கள். காற்றடித்துச் சுடர் அணைந்தாலும் கேஸ் நிற்காமல் பாயும். அந்தக் கடையில் வேலை செய்பவருக்கு அது தெரியாது.

பைலட் சுடரில் இயங்கும் பழைய ஓவனில் இதே காவல் வேலையைச் செய்வது பார்வைக்குச் செம்புக் கம்பி போலிருக்கும் தெர்மோகப்பிள் என்னும் பாகம். அதன் நுனி சூடானால் 20 முதல் 30 மில்லிவோல்ட் வரை மின்சாரம் பிறந்து, வால்விலுள்ள சிறு காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். குமிழை அழுத்திப் பைலட்டைப் பற்றவைத்த பிறகு முப்பது நொடி வரை கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்ததும் அணைந்தால், தெர்மோகப்பிள் நுனியின் மேல் ஒரு சென்டிமீட்டர் சுடருக்குள் குளிக்கிறதா என்று பாருங்கள். சுடர் சிறுத்து மஞ்சளாக இருந்தால் பைலட்டின் துவாரத்தில் தூசு. அதைக் காற்றால் ஊதி எடுக்க வேண்டும், ஊசியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். இரண்டும் சரியாக இருந்தும் நிற்கவில்லையென்றால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள். விலை மலிவுதான், ஆனால் அதன் மரையை விரலால் முடுக்கி, அதன்பின் கால் சுற்று மட்டுமே ஸ்பேனரால் முடுக்க வேண்டும்.

சுடர் எரிகிறது, ஆனால் ரொட்டி வேகவில்லை என்பது மற்றொரு வகை. பார்க்கும் துவாரம் வழியே சுடரின் நிறத்தைப் பாருங்கள். நீலச் சுடர் ஓரிடத்தில் விட்டுப் போயிருந்தால் பர்னர் துளைகள் அடைபட்டிருக்கின்றன. சுடர் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்று போதவில்லை. ஒருமுறை எங்கள் நடு அடுக்கின் கீழ்ப் பர்னரைக் கழற்றி நிமிர்த்தித் தட்டியபோது, காற்று நுழையும் வாயிலிருந்து கருகிய மாவுப் பொருக்கும், அதன் பின்னால் வாலோடு காய்ந்துபோன பல்லி ஒன்றும் விழுந்தன. பல்லியும் சிலந்தியும் எறும்பும் ஆறிய பர்னரைத் தேடிப் போய்க் குடியிருப்பது நம் பட்டணங்களில் சாதாரணம். பர்னரைக் கழற்றி, மென்மையான பித்தளைத் தூரிகையால் துளைகளைத் துலக்கி, உட்புறத்தை ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

மஞ்சள் சுடரைச் சூடு குறைவான தொல்லையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. காற்றுக் குறைவாக எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்கு அஞ்சி இரும்புக் கதவை இறக்கிவிட்டு இரவெல்லாம் சுடும் கடைகளில் வேலையாட்களுக்குத் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் வந்தால், களைப்பு என்று நினைத்துக்கொண்டு உட்கார வைக்காதீர்கள். ஓவனை நிறுத்தி, எல்லாரும் வெளியே வந்து, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சுடரும் நீலம், ஆனால் திரை காட்டும் சூட்டுக்கும் உள்ளிருக்கும் சூட்டுக்கும் பொருத்தமில்லை என்றால் வெப்பநிலை அளக்கும் ஊசியைச் சோதியுங்கள். ஆறிய ஓவன் அதிகாலையில் 25 முதல் 30 பாகைக்குள் காட்ட வேண்டும். அந்த ஊசியைக் கழற்றி, கொதிக்கிற நீரில் நுனியை மட்டும் வைத்தால் 100க்கு அருகில் நிற்க வேண்டும். ஊசியின் வயர் அறுந்திருந்தால் பெரும்பாலான திரைகள் எண்ணுக்குப் பதில் எழுத்துகளையோ மிக அதிகமான எண்ணையோ காட்டி, சுடரை மூட்டவே விடாது. புதிதாக மாட்டிய ஊசியில், சூடேற ஏற எண் இறங்கினால், இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. ஊசியின் நுனி சூட்டறையை விட்டு வெளியே நழுவியிருந்தால் மட்டும் கவனம்: திரை குறைவாகக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே சூடு கட்டுமீறி ஏறிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் வழி தெரியாவிட்டால்தான் போர்டின் பக்கம் போக வேண்டும். ஒரே மாதிரியான அடுக்குகள் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர்கள் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, நன்றாக இயங்கும் அடுக்கின் போர்டையும் பழுதான அடுக்கின் போர்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். பழுது போர்டோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் போர்டில். மாறாமல் அதே அடுக்கில் நின்றால் போர்டு நல்லதுதான். புதிதாக வாங்குவதற்கு முன் கிடைக்கிற இந்த ஒரு பதில் பல நூறு வெள்ளியை மிச்சப்படுத்தும்.

கேஸ் குழாயை வெட்டுவது, நீட்டுவது, தோங்குகளை இணைக்கும் குழாய் அமைப்பது ஆகியவற்றை நாமே செய்யக் கூடாது. 1993ஆம் ஆண்டின் கேஸ் விநியோகச் சட்டத்தின் கீழ் இவற்றை எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, மேற்பார்வை செய்கிறது. அதில் பதிவு பெற்ற கேஸ் தகுதியாளரைத்தான் இதற்கு அழைக்க வேண்டும். அவரை அழைக்கும்போது, எந்த அடுக்கு, எந்தக் கண்ணியில் நிற்கிறது, எத்தனை நொடி எரிந்து அணைகிறது, எதையெல்லாம் ஏற்கெனவே பார்த்தோம் என்று சொல்லிவிட்டால், அவர் சரியான பாகத்தைக் கையோடு கொண்டுவருவார், இரண்டாம் முறை வருகிற கூலி மிஞ்சும்.

பழுது தீர்ந்ததும் உடனே மாவை உள்ளே தள்ளாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து, கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவி, கேஸைத் திறந்துவைத்துக் குமிழி வருகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். தீக்குச்சியால் சோதிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். குமிழி இல்லையென்றால் வெறும் ஓவனை 200 பாகையில் அரை மணி நேரம் எரியவிட்டு, சூடு எட்டியதும் சுடர் தானாக அணைந்து, இறங்கியதும் மறுபடி தானாகப் பிடிப்பதை இரண்டு முறையாவது கண்ணால் பார்த்த பிறகு முதல் தட்டை உள்ளே வையுங்கள்.